புதுத் திரையில் மஞ்சள் தண்ணீர்

கம்ப்யூட்டர் பழையதுதான். திரை மட்டும் புதிதாக வாங்கினோம். என் மருமகள், வீட்டில் இருந்தபடியே ஒரு இன்ஜினியருக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறாள். பழைய திரையில் ஹால் தெரிந்தால் சமையலறை தெரியாது. முதல் தடவையாக மூன்று மாடி வீடு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பிவிட்டால் இனி பெரிய வேலையெல்லாம் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பூந்தமல்லி கடைக்கு நானும் போனேன். நான் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் ஒரு சாமான் வந்ததில்லை.

"ஆயா, நீ அப்டி குந்து," என்றார் கடைக்காரர்.

"ஆயா கீயாலாம் உங்க ஊட்டோட வெச்சிக்கோ. இத்தினி அகலமா கீதே, கண்ணு ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஓடாதா? அத்தச் சொல்லு மொதல்ல."

அவர் சிரித்துவிட்டார். "ஓடாதும்மா. கை நீட்ற தூரத்துல குந்திகினா மொத்தமும் தெரியும்."

ஆயா போய் அம்மா ஆகிவிட்டேன். ஆட்டோவில் மாங்காடு வரும்வரை அந்த நீளப் பெட்டியை என் மடியில்தான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருமகள் அதற்கு ஸ்டாண்டை மாட்டி, மேஜையில் நிறுத்தினாள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பழைய டிவிக்குக் கூன் முதுகு இருக்கும். இதற்கு முதுகே இல்லை. இவ்வளவு வெளிச்சத்தை எங்கே வைத்திருக்கிறது? ஒயரைச் சொருகியதும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக எரிந்தது.

"அத்தே, நான் குளிச்சிட்டு வந்துடறேன். வெள்ளிக்கெழமன்னு இதுமேல தண்ணி தெளிச்சிடாதீங்க. கீழ எறங்கிச்சுன்னா அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதா? போய்க் குளி."

மேஜைக்குத்தான் தெளித்தேன், தெறித்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மகன் கம்பெனிக்கு ஓட்டிப் போகும் வண்டி எல்லாம் என் மஞ்சள் தண்ணீர் பட்டுத்தான் ஓடுகின்றன. இது மட்டும் என்ன உசத்தி? மாவிலையை நனைத்துத் திரையின் மேலேயே உதறினேன்.

ஒரு சொட்டு வழிந்து, கீழ் விளிம்புக்குள் போய் மறைந்தது. இன்னொன்று அப்படியே நின்றது. அதற்குள் ஏதோ மினுக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். சிவப்பு, பச்சை, நீலம். பொடிப்பொடியாக, வரிசை தப்பாமல். வெள்ளையைக் காணோம்.

உடைந்து நொறுங்கிவிட்டது என்றே நினைத்தேன். முந்தானையால் ஒற்றி எடுத்தேன். பழையபடி வெள்ளை. உயிர் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு விடவில்லை. நிறம் மஞ்சள் தண்ணீரில் இருந்ததா, திரையில் இருந்ததா? குடத்துத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு வேறு இடத்தில் வைத்தேன். அதே மூன்று நிறம். சுவரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, சுவர் குடித்துவிட்டது. அப்படியென்றால் திரை முழுக்க இந்த மூன்று நிறம்தான். வெள்ளை எங்கிருந்து வருகிறது?

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. விளிம்புக்குள் போன சொட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருக்கலாம். கெட்டுப்போனால் கடைக்காரரைத் திட்டுவார்கள், கரண்டைத் திட்டுவார்கள். என்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பாதி வீடு வரைந்திருக்கும்போது அணைந்துபோனால்?

ஈரத் தலையில் துண்டோடு வந்தாள்.

"தண்ணி பட்டுச்சு," என்றேன்.

"எப்டி பட்டுச்சு?"

"நான்தான் தெளிச்சேன். ஒரு சொட்டு கீழ எறங்கிச்சு."

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். விளிம்பைத் துணியால் ஒற்றினாள். "தெரியாதான்னு கேட்டீங்களே அத்தே," என்றாள். சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால், போய் மேஜை ஃபேனைத் தூக்கி வந்தேன்.

அவள் பழைய திரையை மாட்டிக்கொண்டு, தள்ளித் தள்ளி வரைந்தாள். நான் ஃபேனைப் புதுத் திரைக்குக் காட்டி, சாப்பாட்டு நேரம் தாண்டியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே எழுந்து வந்து, "இன்னா ஆவுதோ," என்று சொருகினாள்.

எரிந்தது. மூலைக்கு மூலை பார்த்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை.

அப்புறம்தான் நிறத்தைச் சொன்னேன்.

"அதான் பிக்சல் அத்தே. மூணும் ஒண்ணா எரிஞ்சா நம்ம கண்ணுக்கு வெள்ள."

"நீ பாத்துகீறியா?"

"படிச்சிருக்கேன். பாத்ததில்ல."

"பாக்கறியா?"

"மொதல்ல பிளான் போவட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி குந்துங்க."

தள்ளி உட்கார்ந்தேன். மூன்று மாடியும் ஒரே திரையில் நின்றது. ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில், அடுத்த வீட்டின் அளவு நாளைக்கு வரும் என்று இன்ஜினியர் போனில் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். விரல் நுனியில் ஒரு சொட்டோடு வந்தாள்.

"நான்தான் வெப்பேன்," என்றாள். "நீங்க கைய கட்டிக்கினு பாருங்க."