வெற்றிலையில் சுற்றிய மாட்டிறைச்சி

வியட்நாம் சமையலில் இந்த டிக்கோயாத் தேயிலைத் தோட்டப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மாட்டிறைச்சியை இலையில் சுற்றி நெருப்பில் வாட்டுகிற பலகாரம் ஒன்று இருக்கிறது, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பொய். கண்ணைத் திறந்துகொண்டும் எனக்கு வராது. அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் இப்போது உள்ளே லயத்துக் காம்பரா அறையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆட்டோ வருகிறவரைக்கும் வேறு வேலை இல்லை. உள்ளே போய் உதவலாம். உதவினால் சீக்கிரம் அடுக்கி முடித்துவிடுவாள்.

அவள் பெயர் மாய். அவள் ஊரில் அது ஒரு மஞ்சள் பூ. எங்கள் அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையை மாய், மாய் என்று கூப்பிட்டால் செத்துப்போகச் சொல்கிற மாதிரி இருக்கிறதாம். மயிலு என்று மாற்றிவிட்டது. மயிலு காலையில் தேத்தண்ணீரைப் பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் குடிப்பாள். இந்த வீட்டில் சீனி இருக்காது என்று பிள்ளை நினைத்துவிட்டதே என்று அம்மா சீனிப் போத்தலைக் கொண்டுபோய் அவள் மடியிலேயே வைக்கும். அவள் அதைப் பரிசு என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து, தன் பையில் வைப்பாள். பிறகு நான் போய்த் திருடி எடுத்து வந்து பழைய இடத்தில் வைப்பேன். இந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டுச் சீனி இப்படித்தான் வெளிநாடு போய் வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்கும் அவளுக்கும் இடையில் இருப்பது மலேசியாவில் கம்பனியில் பொறுக்கிய மலாய், அதிலும் பாதி திட்டு.

அங்கே கையுறை செய்கிற கம்பனியில் இரண்டு பேருக்கும் வேலை. ஒரு நாள் கன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளி, "போ" என்றாள். நான் எழுந்து அடுத்த மேசைக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் வந்து, சிரித்த முகத்தோடு, "போ, போ" என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தோட்டத்தில் கங்காணி விரட்டினான், கண்டாக்கு ஐயா விரட்டினார், கடல் தாண்டி வந்தும் ஒரு வியட்நாம் பிள்ளை தமிழ் படித்து வந்து விரட்டுகிறதே என்று வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அந்த ஊர்த் தமிழரான சூப்பர்வைசர் அண்ணன்தான் வந்து விளக்கினார்: "போன்னா அவங்க பாஷையில மாட்டெறச்சி லா. சாப்பிடச் சொல்லுது லா அந்தப் பொண்ணு."

அன்றைக்குச் சாப்பிட்டதுதான் அந்தப் பலகாரம். போ லா லொட் என்பார்கள். லா லொட் என்பது இலையின் பெயர், வெற்றிலைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். அதுவரை மாடு தொடாத என் வாய் அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்கவில்லை. ஆனால் பெர்மிட்டில் போனவர்கள் அங்கே கலியாணம் கட்ட முடியாது. கட்டினால் இரண்டு பேரையும் இரண்டு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கட்டாமலே என் பெர்மிட் முடிந்து என்னை ஏற்றிவிட்டார்கள். அவளும் தன் ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து ஒரு மாத விசாவில் பார்க்க வந்தாள். இடத்தைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா என்று நான் கேட்கவில்லை. இரண்டிலும் பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பத்தடிக் காம்பரா, நடுவில் ஒரு சேலை கட்டினால் அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மயிலு, இஸ்தோப்பில் நான், என் காலில் அட்டை. வேலை கேட்டால் பேர் பதியச் சொல்கிறார்கள், பதிந்தால் கூப்பிடுவதில்லை. மறுபடி வெளிநாடு போக வயது தாண்டிவிட்டது என்கிறான் ஏஜென்ட். அவள் பால்மா டின்னில் வேரோடு ஒரு லா லொட் கொடி கொண்டுவந்தாள். எங்கள் ஊர்க் குளிரில் முதல் வாரமே கறுத்துப்போனது. அவள் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

போன வாரம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்து அம்மா என்னைப் பிடித்தது. "இருக்கியான்னு ஒரு வார்த்த கேளுடா. நீ கேக்காம ஒரு பொம்பளப் புள்ள எப்பிடிடா தானா வாயத் தொறக்கும்?"

"கேட்டா எங்க வச்சிக்கிறதும்மா, கூரைத் தகரத்து மேலயா?"

அம்மா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மயிலு கேட்டது ஒன்றுதான்: போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை போ லா லொட் செய்ய வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா அம்மன் படத்தை ஒரு துணியால் மூடி, தன் சட்டி பானை எதையும் தொடக்கூடாது என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் மூன்று கல் வைத்துக் கொடுத்தது. அதுவே பெரிய விஷயம். நான் ஹட்டனுக்குப் போய் முஸ்லிம் நானாவின் கடையில் இறைச்சி கேட்டேன். அவர் என்னையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்தார். நாய்க்கு என்றேன். "நாய்க்குக் கொழுப்பில்லாம, பொடியா கொத்தி வேற வேணுமா? நல்ல நாய்தான் தம்பி," என்று கட்டிக் கொடுத்தார். இலைக்கு என்ன செய்வது? தங்கச்சி செத்துப்போனாள், அக்கா இருக்கிறாளே என்று வெற்றிலைக் கடைக்குப் போனேன். கிழியாத பெரிய இலையாகப் பொறுக்குவதைப் பார்த்து, எங்கள் தோட்டத்துக்காரியான கடைக்கார அக்கா என்ன விசேஷம் என்றாள். என் நாக்குச் சும்மா இருக்குமா? ஆமாக்கா, விசேஷந்தான் என்றேன். அவள் பாக்கையும் அள்ளிப் போட்டுவிட்டாள்.

நான் பஸ்ஸில் வருவதற்குள் கடைக்கார அக்காவின் போன் அம்மாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா தீபாவளிச் சேலையில் இருந்தது. பாய் விரித்து, பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தது. மாட்டிறைச்சிக்குத் தாம்பாளம் கொடுக்கிற அளவுக்கு அம்மா மாறிவிட்டதே என்று எனக்குப் பெருமை. வெற்றிலையை அதில் பரப்பினேன், பாக்கு அதுவாக உருண்டு நடுவில் விழுந்தது. பூண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டு இறைச்சியைப் பிசைந்துகொண்டிருந்த மயிலு தாம்பாளத்தைப் பார்த்தாள். போய்க் கையைக் கழுவினாள். தலையைச் சீவிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். அவள் ஊரிலும் பெண் கேட்டுப் போகிறவர்கள் வெற்றிலை பாக்குத்தான் கொண்டுபோவார்களாம். அதை இன்று காலை, சட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். நேற்று எனக்குத் தெரியாது. ஒரு சொல் பொதுவாக இல்லாத இரண்டு பேரும் ஒரே தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு, நான் வாயைத் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் மேலே இருந்த நல்ல இலையை எடுத்தேன். காம்பைக் கிள்ளினேன். ஒரு கை இறைச்சியை வைத்துச் சுருட்டினேன்.

 அம்மா என் கையைப் பார்த்து, "விசேஷம்னு சொன்னியாமேடா?" என்றது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். அம்மா பாக்கை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனது. நான் சுருட்டியது அவிழ்ந்து இறைச்சி தாம்பாளத்தில் கொட்டியது. மயிலு அதை வாங்கி, திருத்திச் சுருட்டி, ஈர்க்குக் குத்தினாள். "தாக் அப்பா" என்றாள். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். கடைசி இலைவரைக்கும் அவளே சுருட்டினாள். தேயிலை மிலாறுக் குச்சி நெருப்பில் வைத்ததும் வெற்றிலை கறுத்துச் சுருங்கியது. கசப்பும் காரமுமாகத் தொண்டையைப் பிடித்தது. நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.

மலேசியாக் கம்பனியில் இருக்கிற பயல்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரியுங்கள், நானாயிருந்தாலும் சிரிப்பேன். ஆனால் காலையில் அவள் வெற்றிலைக் கதையைச் சொன்ன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடித்த சட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். மலாயில் கேட்கத் தெரியாது, அதனால் தமிழிலேயே கேட்டுவிடலாம் என்று…

ஆட்டோ வந்துவிட்டது. அவளுடைய பெரிய பெட்டியை அம்மா ஏற்கெனவே படிவரைக்கும் இழுத்துவிட்டது. "என்னடா இன்னும் போன நோண்டிக்கிட்டு? எந்திரிச்சுப் போ," என்கிறது. உள்ளேயிருந்து அவளும் கூப்பிடுகிறாள். நேற்று மிஞ்சியதைப் பால்மா டின்னில் போட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, வழிக்கு வேண்டுமா என்று முகத்தாலேயே கேட்கிறாள்.

"போ?"