ஒரே ஓர் ஆண் பூச்சி

நான்கு மில்லிமீட்டர் பூச்சி ஒன்றுக்காக, அருங்காட்சியகத்தில் பூச்சிகளைப் பதப்படுத்தும் அக்கா ஒரு வாரமாகக் காபியைத் தொடவில்லை. கை நடுங்கக் கூடாதே! இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்கள் கண்டுபிடித்த இனங்களுக்கே ஊசி குத்தியவர், முதல்முறையாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக நம்பினார்.

பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த, செடிச்சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் பன்னிரண்டு. ஆணின் வால்நுனியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் புது இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பன்னிரண்டில் ஆண் ஒன்றே ஒன்று. அது உடைந்தால் எல்லாம் போச்சு.

"இன்னொரு ஆண் கிடைக்கட்டுமேக்கா," என்றார் ஆய்வுக்காகப் பூச்சிகளை வரையும் பக்கத்து மேசை ஓவியர்.

"அந்தத் தீவுக்கு மறுபடி யார் போறது, உங்க மாமனாரா? மூச்சை அடக்குங்க தம்பி, பூச்சி பறந்துடப் போகுது."

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஊசிமுனையால் வால்நுனியைக் கழற்றினார். மயிரிழைகூடப் பிசகவில்லை. சூடான காரக் கரைசலில் சதை கரைந்ததும், கொக்கிபோல் வளைந்த இரண்டு முட்கள் தெரிந்தன. எந்த நூலிலும் இல்லாத வளைவு. எட்டிப் பார்த்த ஓவியர் பென்சிலை மறந்து அங்கேயே நின்றார்.

"நிக்காதீங்க, வரைங்க," என்றார் அக்கா.

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை அடுத்த மாதம் ஆய்விதழுக்குப் போகிறது, அக்காவின் பெயரில்.