நாலரையும் நாற்பத்தைந்து லட்சமும்

ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுப்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் ‘கொசு அக்கா’ என்று பெயர். பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை.

ஒருநாள் காலை ஒரு லாரி டிரைவர் ரிசல்ட் சீட்டோடு திரும்பி வந்தார்.

“அக்கா, சிவப்பணு வெறும் நாலரைன்னு போட்டிருக்கே. என் உடம்புல ரத்தமே இல்லையா?”

“அது மில்லியன் கணக்குண்ணே.”

“மில்லியன்னா?”

“பத்து லட்சம். உங்களுக்கு...” மனசுக்குள் பெருக்கினாள். “நாற்பத்தஞ்சு லட்சம்.”

“உடம்பு முழுக்கவா?”

“இல்லண்ணே. கடுகளவுகூட இல்லாத ஒரு சொட்டுல.”

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் சீட்டை வாங்கி மறுபடி படித்தாள். இத்தனை வருஷமும் அவள் வாயில் அது நாலரை, நாலே முக்கால், அஞ்சு. செருப்பு சைஸ் சொல்வதுபோலச் சொல்லிவந்திருக்கிறாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தன் விரலில் தானே குத்திக்கொண்டாள். படிக்கிற காலத்தில் பழகிய, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். நானூற்று முப்பத்தெட்டு. ரத்தத்தை நீர்க்கவைத்து, சில கட்டங்களை மட்டும் எண்ணியதால் அதைப் பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும். உடம்பில் இருக்கும் நாலு லிட்டருக்கும் கணக்குப் போட்டபோது பதினேழரை லட்சம் கோடி வந்தது. கோடிக்கு மேலே அவளிடம் சொல் இல்லை. லட்சத்தைத் தூக்கிக் கோடியின் தலையில் வைக்கவேண்டியிருந்தது. தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் லட்சத்தில்தான் சொன்னாள். அதில் ஒரு வம்பு வந்தது. ரத்தசோகை வந்த தையல்காரப் பெண் ஒருத்தி, “இருபத்தெட்டு லட்சமா? நானும் லட்சாதிபதிதான்” என்று சிரித்துக்கொண்டே போனவள், மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் கூப்பிட்டு, “ரெண்டு புள்ளி எட்டுன்னா பயந்து மாத்திரை சாப்பிடுவாங்க. இருபத்தெட்டு லட்சம்னு கேட்டா யாரும்மா சாப்பிடுவா?” என்றார்.

தப்பு தன்மேல்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கே தையல்கடைக்குப் போனாள்.

“அரைகுறையா சொல்லிட்டேன்மா. உனக்கு இன்னும் பதினஞ்சு லட்சம் வேணும். அதான் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.”

தையல்காரியின் கால் மிதிப்பலகையிலேயே நின்றுபோனது. “பதினஞ்சு லட்சமா குறையுது?”

மூன்று மாதம் கழித்துத் தையல்காரி மறுபடி வந்தபோது நாற்பத்தொரு லட்சம் இருந்தது.

“இத்தனையும் எங்கிருந்துக்கா வந்துச்சு?”

“உன் எலும்புக்குள்ள இருந்துதான். நொடிக்கு இருபது லட்சம் புதுசா பிறக்குதாம். இப்பவும்தான்.”

தையல்காரி தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அக்காவின் கையையும் பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்றவர் இருமினார்.