அண்ணன் நர்சிங் படித்த காரணம்

எங்கள் அண்ணனைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தங்கை என்பதால் மட்டுமல்ல. வேர்க்கடலை பயிரிடுகிற வீட்டுப் பையன் நர்சிங் படிக்க ஏன் போனான் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அண்ணியை விட்டால் எங்கள் வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் இருந்தவரை என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். இப்போது அண்ணியிடம் கேட்டேன். "எழுதிக்கோ பாப்பா, இனிமே யாருக்கு வெக்கம்" என்றார். இத்தனை வருடம் அடக்கி வைத்த விஷயம். எழுத உட்கார்ந்தால் கை பரபரக்கிறது.

அண்ணன் பிறந்தது ஆந்திராவில் விஜயபுரம் மண்டலத்தில், எங்கள் சொந்த ஊரில். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம். மழை கைவிட்ட வருடங்களில் நைனா அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். அண்ணன் இன்டர், அதாவது பிளஸ் டூ படிக்க நகரிக்குப் பஸ்ஸில் போய்வந்தார். அதே கல்லூரியில் அண்ணியும் படித்தார். அவருடைய அப்பா நகரியில் விசைத்தறி வைத்திருந்தார். இரண்டு வருடத்தில் அண்ணன் அவரிடம் பேசியது, பேனா இருக்கிறதா என்று கேட்டது மட்டும்தான். அதற்குள் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் திருப்பதியில் நர்சிங் சேரப் போகிறது என்று காதில் விழுந்ததும் இவரும் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

நைனா குதித்தார். "மாட்டுக்கு ஊசி போடற படிப்புன்னாக்கூட ஊருக்கு ஆவும். இது இன்னாடா, பொம்பளப் புள்ளைங்க படிப்பு?"

"சீக்கிரம் வேல கிடைக்கும் நைனா" என்று அண்ணன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார். அப்புறம் என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்லி, வெளியே மூச்சு விடக் கூடாது என்றார்.

ஆசுபத்திரியில் ஆண் செவிலியர்களை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காக ஊரை விட்டுப் போனாரோ, அந்த அண்ணியே இவரைப் பிரதர் என்று கூப்பிட்டாராம். லீவில் வந்து அண்ணன் இதைச் சொல்லிப் புலம்பியபோது நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

இரண்டாம் வருடத்தில் அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேராகவே கேட்டாராம், "நீ எதுக்கு இந்தப் படிப்புல சேந்தே?" என்று. அண்ணியிடம் அண்ணனுக்குப் பொய் வராது. "உனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டார். அண்ணி மயங்கிப் போகவில்லை. "எனக்காக வந்தவன், நான் இல்லாத அன்னிக்கு நோயாளிய விட்டுட்டுப் பூடுவான். அப்படிப்பட்ட ஆளு எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

அண்ணன் ரொம்பவே கலங்கிப் போனார். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். அவரோ யாரும் கேட்டு வாங்காத தீக்காய வார்டைக் கேட்டு வாங்கினார். முதல் நாள் வெளியே ஓடி வந்து வாந்தி எடுத்தாராம். மறுநாளும் போனார். தீக்காயத்தில் கட்டுத் துணி ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு இழுத்தால் உயிர் போகும். அண்ணன் அதை நனைத்து, ஊறவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரிப்பார். படிப்பு முடிந்து அதே ஆசுபத்திரியில் வேலை கிடைத்தபோதும் அதே வார்டுதான். அண்ணிக்குப் பிரசவ வார்டு. இரண்டு வருடம் கழித்து அண்ணியே வந்து, "ஞாயித்துக்கெழம எங்கப்பா உங்க ஊட்டுக்கு வராரு. ஊட்டுல இரு" என்றாராம். அண்ணன் போனில் என்னிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பாதி வார்த்தைதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எங்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. அம்மா விடியற்காலையிலேயே வடைக்கு ஊறப்போட்டார். நைனா வெள்ளை வேட்டி கட்டினார். சொன்ன நேரத்துக்குப் பெண்ணின் அப்பா இரண்டு பெரியவர்களோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளையைக் காணோம். என் போன் அடித்தது.

"பாப்பா, நான் வார்டுல இருக்கேன். ஒரு டீக்கடைக்காரருக்கு இன்னிக்கு ஆப்பரேஷன். கட்டுப் பிரிக்க யாரையும் உடமாட்டேங்கறாரு. 'அன்னா, நுவ்வே ரா'ன்னு, நீயே வான்னு என்னையே கூப்பிட்டுக்கினு இருக்காரு. முடிச்சிட்டு வரேன்" என்றார்.

வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தோம். மத்தியானம் வரை காத்திருந்த அண்ணியின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மாப்பிள்ளயே இல்லாத ஊட்டுல காப்பி மட்டும் குடிச்சிட்டுப் போறதுக்கா வந்தோம்?" என்றார். நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கம் இப்படி எழுந்து போனால் அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. நகரிக்கு, பெண்ணுக்கே போனைப் போட்டேன். அதுவரை அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பயத்தில் "அண்ணி" என்றே வாயில் வந்துவிட்டது.

"எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

"வார்டுல, அண்ணி. கட்டு மாத்திக்கினு இருக்காரு."

அண்ணி சிரித்தார். "நான் லீவு போட்டுக்கினு இங்க ஊட்டுல உக்காந்துக்கினு இருக்கேன். நான் இல்லாத அன்னிக்கு அவரு அங்க நிக்கறாரு. எங்கப்பாகிட்ட போனக் குடு பாப்பா."

அவரு என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மகள் என்ன சொன்னாரோ தெரியாது, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்து, "சம்மந்தியம்மா, சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

சாயந்திரம் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி, டெட்டால் வாசனையோடு ஓடி வந்தார். எல்லாம் போயிற்று என்ற முகம். பார்த்தால் மாமனார் எங்கள் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகும் அண்ணன் மாறவில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் அண்ணனைக் காணோம். சமையல்காரர் கையில் எண்ணெய் தெறித்துவிட்டதென்று பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி அண்ணனே படுக்கையில் விழுந்தபோது அண்ணி லீவு போட்டார். அண்ணன் விடவில்லை. "எனக்குத்தான் பாப்பா இருக்குதே, நீ வார்டுக்குப் போ" என்றார். "இப்ப என் வார்டு இதுதான், பேசாம படுங்க" என்றார் அண்ணி. தினமும் உடம்பு துடைத்து, நகம் வெட்டி, தலை சீவிவிட்டார். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்ததும் அண்ணிதான். நின்றதை முதலில் அறிந்தவரும் அவர்தான். அந்தக் கையை அவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், ஊரிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று திருப்பதி வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று அண்ணிக்கு மதியம் டூட்டி. கேட்டிருந்தால் லீவு கொடுத்திருப்பார்கள், அவர் கேட்கவில்லை. புருஷனுக்குத் திதி கொடுத்த கையோடு வேலைக்குப் போகிறாளே என்று பேச நினைக்கிறவர்கள் அண்ணியிடம் பேச வேண்டாம், என்னிடம் வாருங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்து வாருங்கள். பிரசவ வார்டில் பிள்ளைத்தாய்ச்சிகள் காத்திருக்கிறார்கள், அண்ணியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடப் போகிறவள் நான்தான்.