ஏசி தண்ணீரில் ஒரு மலைக் கோரை

ஷூவைக் கழுவக் குழாயைத் திறந்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. செகந்திராபாத் சைனிக்புரியில் நான் தனியாக இருக்கும் ஒற்றை அறை வீட்டின் குளியலறை. ஷூவின் அடியில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது, கொடைக்கானலுக்கு மேலே ஒரு சதுப்பில் மிதித்தது. பாதி கரைந்து டிகாக்‌ஷன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இதுக்குள்ள விதை இருந்தா? சட்டென்று குழாயை மூடினேன். மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டித் தயிர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

அந்தச் சதுப்புக்கு நான் போனதே ஒரு கோரைக்காகத்தான். வயலில் முளைக்கிற கோரைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் குளிர்ந்த மலைச்சதுப்பை விட்டு இறங்காது, அங்கேயும் அரிது. உயரமில்லை, நிறமில்லை, பூ என்று யாராவது சொன்னால்தான் பூவென்று தெரியும். இதைப் போய்த் தேட ஆளே இல்லை என்பதால்தான் எனக்குப் பிடித்ததோ என்னவோ. மலையேறும் குழு ஒன்றில் சேர்ந்து போனேன். மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் ஈரத்தில் மண்டியிட்டிருந்தேன். கோரைத் தூர்கள் இருந்தன, காய் இல்லை. இந்த வகையில் காயைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது. ஒவ்வொரு காயும் ஒரு சின்னஞ்சிறு பைக்குள் இருக்கும், அந்தப் பையின் வடிவம்தான் அடையாளம். பிடுங்கி வரக் கூடாது, பிடுங்கவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "தேடினது கிடைச்சுதா?" என்றாள். "தெரியல" என்றேன். அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

டப்பாவில் மூன்று முளை வந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் மேலிருந்து பார்த்தேன். இலைகள் மூன்று பக்கமாக விரிந்திருந்தன. புல் என்றால் இரண்டு பக்கம்தான் விரியும். கோரையேதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆபீஸ் குரூப்பில் படத்தைப் போட்டால் கட்டைவிரல்தான் வரும். தென்காசிக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வயல்ல அதப் பிடுங்கி மாளல. நீ டப்பால வச்சு வளக்கியாக்கும். சாப்ட்டியா?"

சதுப்புச் செடிக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் கட்டடத்து போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளைக் கோடு போடும். பேட்டரிக்கு ஊற்றவென்று கடையில் விற்கும் தண்ணீரை வாங்கிக் கொதிக்க வைத்துப் பார்த்தேன், பாத்திரத்தில் அதுவும் வெள்ளையாகப் படிந்தது. அப்போதுதான் எதிர்வீட்டு ஏசியின் குழாய் பொதுவழியில் சொட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குகிற தண்ணீர், அதில் உப்பு எங்கிருந்து வரும். கதவைத் தட்டினேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசும் தமிழில் இந்த ஊர் உருதுவும் கலந்திருக்கும்.

"ஆன்ட்டி, உங்க ஏசி தண்ணிய நான் பிடிச்சுக்கட்டுமா?"

"கைக்கு?" என்று உருதுவில் ஏன் என்று கேட்டார். "எதுக்கும்மா, குடிக்கவா?"

"செடிக்கு."

"ஏசி போட்டா கரன்ட் பில்லுதான் வரும்னு நெனச்சேன். இப்ப விவசாயமும் நடக்குது."

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் பக்கெட்டை எடுக்கப் போவேன். ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, "உன் புல்லு எப்படி இருக்கு?" என்பார். "புல்லு இல்ல ஆன்ட்டி, கோரை." "ஹவ், ஹவ், சரிதான். ரெண்டையும் மாடு திங்கும்." பல நாட்களில் நான் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசிய தமிழ் அவ்வளவுதான். பேகம்பேட் ஆபீஸில் பேச்செல்லாம் ஆங்கிலம், மதியச் சாப்பாட்டு மேஜையில் தெலுங்கு. நான் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன்.

தொட்டிக்கு மாற்றியிருந்த மூன்றில் இரண்டு மே மாதத்தில் கருகின. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியும் பயனில்லை. மூன்றாவது நுனி மஞ்சளாகி, செத்த மாதிரியும் சாகாத மாதிரியும் நின்றது. மழைக்காலத்தில் இரண்டு கேன் நிறைய மழைநீர் பிடித்து வைத்தேன். கொசு வருமென்று ஹவுஸ் ஓனர் கவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

நவம்பரில் குளிர் இறங்கியது. செடி நிமிர்ந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று கிளம்பியது. இரண்டு விரலுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்பட்டது. பூக்கிற தண்டு. அது காய் வைத்துவிட்டால் போதும், இத்தனை நாள் என்னோடு இருந்தது யாரென்று தெரிந்துவிடும்.

அதே வாரத்தில் ஆன்ட்டி ஏசியை நிறுத்திவிட்டார்.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. வெயிலில் தண்ணீர் கிடைத்தது, குளிர் கிடைக்கவில்லை. இப்போது குளிர் வந்துவிட்டது, தண்ணீர் இல்லை. காய்ந்த பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு பொதுவழியில் நின்றேன். கதவைத் தட்ட எனக்கு வேறு காரணமும் இல்லை. இரண்டு சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தேன். தொட்டிக்கு அடியிலிருந்த தட்டில் ஈரம் ஓரத்தை விட்டு உள்வாங்கிக்கொண்டே போனது. அதற்கடுத்த நாள் தட்டிவிட்டேன்.

"ஆன்ட்டி, ஏசி கொஞ்ச நேரம்..."

"நக்கோம்மா. இந்தக் குளிர்ல ஏசியா, எனக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கும்." பிறகு என் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தார். "ரெண்டு நாளா ஆளக் காணோம், ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன். உள்ள வா."

அந்த வீட்டுக்குள் அதுவரை நான் போனதில்லை. சமையலறையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் கதவு மூடவில்லை, உள்ளே அவ்வளவு வெள்ளைப் பனி.

"தானா கட்டுது. ஒரு பாக்கெட் பட்டாணி உள்ள மாட்டிக்கிட்டு எத்தன மாசமோ. இது ஆகுமா உன் புல்லுக்கு?"

விரலால் சுரண்டினேன். பொருபொருவென்று உதிர்ந்தது. இதுவும் காற்றின் ஈரம்தான். கோரை என்று திருத்த மறந்துபோனேன்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எப்படியும் சுத்தம் பண்ணணும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்திடறேன். பக்கெட்டோட வா. பட்டாணி எனக்கு."

நாளைக்கு ஞாயிறு. ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு, அடியில் பக்கெட்டை வைத்து உருக்கப் போகிறோம். துணியில் வடிகட்டி, முதலில் ஒரு கரண்டி தண்ணீரை அடுப்பில் சுண்ட வைத்துப் பார்க்க வேண்டும். கரண்டியில் வெள்ளை படியாவிட்டால் தட்டில் ஊற்றுவேன். படிந்தால் ஆன்ட்டியிடமே அடுத்த யோசனையைக் கேட்பேன். வெறும் வயல் கோரையாகவே இருந்தாலும் இருக்கட்டும், காய் வைக்கட்டும்.