சந்தனம் வைத்த சீடி

சந்தனம் ஈரமாக இருக்கும்வரைதான் மணக்கும். ஒரு சீடியின் பளபளப்பான பக்கத்தில் அது காய்ந்துவிட்டால் மணமெல்லாம் போய், ஓரம் சுருண்டு, நடுவில் வெடித்து, நகம் பட்டாலே பொடியாக உதிரும். உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத இந்த விஷயத்தை நான் பதினோரு வயதில், கெமாஸ் ஊருக்குப் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் தெரிந்துகொண்டேன்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தில் வீடியோ கேம் பெட்டி இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் என்பதால் எங்களுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் யாரிடமோ பழையதாக வாங்கி வந்த அந்தப் பெட்டிக்குத் தீனி, வாரம் ஒரு முறை கூடும் 'பாசார் மாலாம்' இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற திருட்டு சீடிகள். அவை பாதி ஆட்டத்தில் திக்கித் திணறி, பெட்டிக்குள் 'கர்ரக் கர்ரக்' என்று இரண்டு முறை இருமி, அப்படியே உறைந்துபோகும். கடைசிவரை ஓடிய சீடி ஒன்றே ஒன்றுதான், ஒரு கார்ப் பந்தயம். 'ஒரிஜினல்' என்று அதற்கு லயம் முழுக்கப் பேர். அது எங்களுடையது அல்ல. பவானியுடையது.

பவானி என் சித்தப்பாவின் மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். சித்தி இறந்த பிறகு, ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் விட்டிருந்தார். அவள் உடுத்தியது என் அக்காவின் பழைய கவுன், படுத்தது எங்கள் பழைய பாய், தின்றது, என் அம்மா நாள் தவறாமல் நினைவூட்டியபடி, எங்கள் சோறு. அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சீடி. சித்தப்பா அதைக் கொடுத்தபோது, "பெட்டி பெரியப்பா வீட்டுது, சீடி ஒன்னுது. ஓரத்தப் புடி, மொகத்தத் தொடாத. தீவாளிக்கு வந்து ரெண்டு பேரும் வெளையாடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தீபாவளிக்காக அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அவளை விளையாட விட்டதில்லை. பெண் பிள்ளை கையில் கார் ஓடாது என்று நான் சொன்னதை அவள் நம்பினாளோ இல்லையோ, எதிர்த்துப் பேசியதில்லை. அவளுடைய வேலை, சீடியை உறையிலிருந்து எடுத்து, இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து, பெட்டியில் வைத்து மூடுவது. மூடியபின் தள்ளிப் போய் உட்கார்ந்து, நான் ஜெயிப்பதைப் பார்க்கவேண்டும். தோற்றால் அவள் வைத்தது சரியில்லை என்று தலையில் குட்டுவேன். அதையும் வாங்கிக்கொள்வாள்.

அந்த ஆண்டு சித்தப்பாவுக்கு ராசா என்ற ஊரில் வாடகை வீடு கிடைத்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் மகளை அழைத்துப் போகப் போகிறார் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அம்மா, "அப்பாடா" என்றாள். எனக்கு பவானி போவதைப் பற்றி ஒன்றுமில்லை. அவளோடு சீடியும் போகுமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இருமுகிற சீடிகளோடு நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஆயுத பூசையில் பொட்டு வாங்காமல் எந்தப் பொருளும் தப்பாது. குலை வெட்டும் அரிவாள், அப்பாவின் மோட்டார் சைக்கிள், அம்மாவின் தையல் இயந்திரம், சோற்றுக் குக்கர், எங்கள் பாடப் புத்தகம், கேம் பெட்டி, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. பெரியவர்கள் கற்பூரத்தட்டோடு மோட்டாரிடம் போயிருந்த நேரத்தில், "ஒன் சீடிக்கு மட்டும் சாமி வேணாமா?" என்று பவானியிடம் கேட்டேன்.

அவள் அதன் படம் போட்ட பக்கத்தில் பொட்டு வைக்கப் போனாள். "அது முதுகு. பளபளன்னு இருக்கே, அதுதான் மொகம். முதுகுலயா சாமிக்குப் பொட்டு வைப்பாங்க?" என்றேன். மொகத்தத் தொடாதன்னு அப்பா சொன்னாரே என்று தயங்கினாள். "நாமதான் தொடக்கூடாது, சாமிக்கு வைக்கலாம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, உதடு ஏதோ முணுமுணுக்க, மூன்று இடத்தில் வைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

வெறும் சந்தனமென்றால் ஈரத்துணியில் போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் மறுநாள் காலையில், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி திருநீறு போட்டுத் தேய்க்கச் சொன்னேன். அவள் அழுத்தி, வட்டம் வட்டமாக, சாமி காரியம் என்ற பக்தியோடு தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும், இன்னும்" என்றேன். பிறகு பெட்டியில் வைத்தாள். அது இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமக்கூட இல்லை.

அம்மா அவளை ஹேங்கரால் அடித்தாள். "அப்பன் வாங்கிக் குடுத்தத ஒரு வருசம் வச்சிக்கத் தெரில, நீயெல்லாம் எங்க உருப்படப்போற" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லாகச் சொன்னாள். பவானி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன்; சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்த சித்தப்பாவிடமும், "நாந்தாம்பா தேச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் சீடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உறையில் போட்டார். மூன்றாம் நாள் இரண்டு பேரும் ராசாவுக்குப் போய்விட்டார்கள். அசடு, இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் நான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நீலாயில் இருக்கிறேன்; ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரிஜினல் சீடிகளாக வாங்கி அலமாரியை நிரப்பினேன். பிறகு எல்லாம் இணையத்திலேயே வந்துவிட்டது, சீடி எதற்கு என்று மொத்தத்தையும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, சீடி போடும் வாயே இல்லாத புதுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். நாற்பதுக்கு மேல் விளையாட்டுகள் என் கணக்கில் இருந்தன. போன மாதம் ஒரு சனிக்கிழமை திறந்தால் பூட்டுப் படம். நீங்கள் நீங்கள்தானா என்று உறுதி செய்ய, நான் எப்போதோ தொலைத்த பழைய கைப்பேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறார்களாம். மனிதனா இயந்திரமா என்று தெரியாத ஒன்றோடு இரண்டு வாரம் எழுத்தில் மன்றாடினேன். என் பொறுமைக்கு நன்றி சொன்னது. காசு கொடுத்து வாங்கினேனே என்றதற்கு, நான் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை என்றும், அதைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் மிக மரியாதையாக எழுதியது. என் மகள் தர்ஷினி மூன்று மாதமாக அதற்குள் கட்டிய பண்ணையும் மாடுகளும் போயின. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். யார் எதை இரவல் கேட்டு வந்தாலும் அம்மா சொல்லும் "இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சாளாம்" என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தீபாவளிக்கு பவானி வீட்டுக்குப் போயிருந்தோம். ராசாவில் சொந்த வீடு, வாசலில் மிளகாய்ச் செடிகள். குருவி கொத்தாமலிருக்கச் செடிகளுக்கு மேலே ஒரு சீடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்றில் திரும்பியபோது வட்டம் வட்டமாக அந்தக் கீறல்கள் தெரிந்தன. பண்ணை போன கதையைத் தர்ஷினி சொல்லச் சொல்ல, பவானி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னைக்கு நான் வேணும்னுதான் சொன்னேன், பவானி" என்றேன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

"தெரியும்ணே. நீங்க 'இன்னும் இன்னும்'ன்னு சொல்றப்பவே தெரிஞ்சிருச்சி."

"அப்ப ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா அன்னைக்கி ராத்திரி சோறு யாரு போடுவா?" என்றாள், உப்பு எங்கே என்று கேட்கும் குரலில்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், அரிவாளுக்குப் பொட்டு வைத்த அப்பாவும் ஹேங்கர் எடுத்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள், பாசார் மாலாமில் சீடி விற்ற மேசையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். என் நாற்பது விளையாட்டுகள் எங்கே போயின என்று கேட்கக்கூட எனக்கு ஆளில்லை. மிஞ்சியிருப்பது அந்தச் சீடி ஒன்றுதான். அதைப் பளபளப்பாக்கித் தரும் கடை ஒன்று தெரியும், ஒரு நாள் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்று பவானியிடம் கேட்டேன். அவள் கயிற்றை அவிழ்த்து, சீடியைத் தர்ஷினியிடம் நீட்டினாள்.

"ஓரத்தப் புடிம்மா, மொகத்தத் தொடாத" என்றாள். "பாத்துட்டு அத்தகிட்டயே குடுத்துரு. ஒங்கப்பா கேட்டா மட்டும் குடுத்துராத."

தர்ஷினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சீடியோடு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.