சுவருக்கு ஓர் அரைஞாண்

கொல்லிமலையில் பூகம்பம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வாழவந்தி நாட்டு மலையூர்களில் யாருமே பார்த்ததில்லை. வராத அந்தப் பூகம்பத்துக்காகத்தான் நாங்கள் ஒரு பிரசவ விடுதியைப் பறிகொடுத்தோம். மலைக்குக் கீழே இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அரசாங்க மருத்துவச்சியாக என்னை மலைக்கு மாற்றியிருந்தார்கள். சனங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். சுகப்பிரசவம் என்றால் நான் போதும். குழந்தை குறுக்கே கிடந்தாலோ உதிரம் நிற்காவிட்டாலோ டோலி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு கீழே முள்ளுக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். பாதிப் பேருக்கு அடிவாரம்வரை உயிர் தாங்காது.

என் குடிசைக்கு அடுத்த வீட்டுக்காரி இரண்டு முறை அப்படி இறங்கியவள். இரண்டு முறையும் வெறுங்கையோடு ஏறி வந்தாள். இடுப்பெலும்பு குறுகலான உடம்பு, அவள் பிழைத்ததே பெரிது. சாமைக்காட்டில் ஆம்பளைக்குச் சமமாக வேலை செய்வாள், வாயும் அப்படித்தான். அந்த ஐப்பசியில் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். டோலிக்கு நாலு பேரை இப்போதே சொல்லிவைக்கக் கிளம்பினேன். அவளோ, "இந்த வாட்டி இங்கயே ஆஸ்பத்திரி வந்துருமுங்களே" என்று என்னைத் தேற்றினாள்.

வந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். அடிவாரத்து வியாபாரி ஒருவர் கட்டிப் போட்டுவிட்டுப் போன பழைய மிளகு மண்டி சும்மா கிடந்தது. கல் சுவர், ஓட்டுக்கூரை. அதைப் பிரசவ விடுதியாக்கினால் லேடி டாக்டர் ஒருவரைப் போடுகிறோம் என்று மேலிடத்து உத்தரவும் வந்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் கட்டடத்துக்குச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில்தான் எல்லாம் இருந்தது.

சான்று கொடுக்க இன்ஜினீயர் மலையேறி வந்தார். குதிகாலில் கொப்புளம், ஆனாலும் முகம் சுளிக்காத மனிதர். மண்டியைச் சுற்றி வந்தார். சுவரின் இடுக்கில் விரலை விட்டுக் கிளறினார், பொலபொலவென்று மண் கொட்டியது. சுண்ணாம்பில்லாமல் வெறும் சேற்றில் அடுக்கிய கல். உத்தரங்கள் சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருந்தன. பூகம்பத்துக்கு டெல்லியிலிருந்து புது விதி வந்திருக்கிறது, பழைய கட்டடத்தை வேறு காரியத்துக்கு மாற்றினால் அதற்குத் தக்கபடி பலப்படுத்த வேண்டும் என்றார். இத்தனை வருசம் நின்ற சுவர்தானே என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"மூட்டை வைக்கிற கட்டடம் வேறம்மா, ஆள் படுக்கிற கட்டடம் வேற. மூட்டை செத்துப்போகாது" என்றார்.

 அந்த ஆள் சொன்னது சரி. இன்றுவரை எனக்கு அதுதான் எரிச்சல்.

பக்கவாட்டில் உயர்ந்து நின்ற முக்கோணச் சுவர்களை இறக்க வேண்டும். வாசல் நிலைக்கு மேலே நாலு சுவரையும் சுற்றிக் கம்பி வைத்து சிமெண்டுப் பட்டை ஓட்ட வேண்டும். உத்தரங்களை அந்தப் பட்டையோடு பிணைக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப செவுத்துக்கு அரைஞாண் கட்டோணும்னு சொல்லுங்க" என்றாள். இன்ஜினீயரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஊருக்குள் அந்தப் பட்டைக்கு அரைஞாண் என்றே பெயர்.

சிமெண்டு அப்போது பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். தாலுகா ஆபீஸுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று என் செருப்பைக் கேட்டால் சொல்லும். தை பிறந்த பிறகு ஒருவழியாக முள்ளுக்குறிச்சியில் மூட்டைகள் இறங்கின. முழு மூட்டையைத் தலையில் வைத்து அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. மூட்டையைப் பிரித்து, தினைச் சாக்குகளில் பாதிப்பாதியாகக் கட்டி, ஊரே சேர்ந்து சுமந்தது. கூலி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிளகு பறிக்கிற காலத்தில் சொந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மண்டிக்குள் சாக்குகளை அடுக்கியதும் கொத்தனாரைக் கூட்டிவர நான் கீழே கிளம்பினேன். ஊர்ச் சனங்கள் யாரும் அதற்கு முன் சிமெண்டைக் கண்டதில்லை. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்கள். எனக்கு அவசரம். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மொளகு மாதிரி பாத்துக்கங்க, ஈரம் மட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வாய்க்கு வந்ததைச் சொன்ன அந்த வாயை எத்தனையோ நாள் நானே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கொத்தனார் வீட்டில் ஒரு சாவு. நாலாம் நாள்தான் அவரோடு மலையேறினேன். ஊர் எல்லையிலேயே பக்கத்து வீட்டுக்காரி காத்திருந்தாள். ஆறு மாத வயிற்றோடு முழங்கால்வரை சாம்பலாகச் சிமெண்டு பூசிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சாக்கெல்லாம் சில்லென்று ஈரமாக இருந்ததாம். சுமந்தவர்களின் வேர்வை, ஓடை கடந்தபோது தெறித்த தண்ணீர். ஈரம் ஆகாது என்றேனே என்று, பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாறைக்களத்தில் பாயை விரித்து அத்தனையும் கொட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். மிளகைக் கிளறுவதுபோலக் காலால் கிளறிவிட்டிருக்கிறார்கள். பொழுதுசாய அள்ளிக் குவித்து மூடி, விடிந்ததும் மறுபடி பரப்பியிருக்கிறார்கள். தை மாதத்து மஞ்சுமூட்டம் அந்தக் களத்தில் மத்தியானம்வரை கவிந்து நிற்கும். ஒரு நாள் தூறலும் விழுந்திருக்கிறது.

"நல்லாக் காஞ்சிருச்சுங்கம்மா. கல்லாட்டம் ஆயிருச்சு, வந்து பாருங்க" என்றாள். மிளகு காய்ந்தால் கெட்டிப்படும். அந்தக் கணக்கில் அவளுக்கு அது சந்தோஷமான செய்தி.

கொத்தனார் ஒரு கட்டியை எடுத்துப் பாறையில் தட்டினார். டங்கென்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கே என்னைத் தவிர யார்மேலும் கோபப்பட முடியவில்லை. சிமெண்டு கடையிலேயே கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் ஒரு பொய்யைச் சொன்னேன். கொத்தனாரும் ஆமாம் போட்டார், நல்ல மனுசர்.

இரண்டாவது பர்மிட் கேட்டு எழுதினேன். பங்குனியில் பதில் வந்தது, அடுத்த வருசம் பார்க்கலாம் என்று. இன்ஜினீயரிடம் போய், ஒரே ஒரு கட்டிலாவது போட்டுக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"நான் கையெழுத்துப் போட்டு நாளைக்குச் சுவர் விழுந்தா, யாரும்மா பதில் சொல்றது?"

"சுவர் விழாமலே சாகிறாங்களே சார், அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு, சரக்கு வைக்க மட்டும் தகுந்தது என்று எழுதிக் கொடுத்தார். லேடி டாக்டர் வேறு ஊருக்குப் போனார். உத்தரவு மார்ச்சோடு செத்தது.

சித்திரையில் பக்கத்து வீட்டுக்காரிக்கு வலி கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் பார்த்தேன், குழந்தை இறங்கவில்லை. விடிந்ததும் டோலி கட்டினோம். மண்டியைத் தாண்டித்தான் பாதை. கதவு திறந்திருந்தது, உள்ளே யாருடையவோ மிளகு மூட்டைகள் பத்திரமாக அடுக்கியிருந்தன. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாதி இறக்கத்தில், ஓடைக்கரையில், குழந்தை பிறந்தது. ஆண். மூச்சில்லை. என்னென்னவோ செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அங்கேயே குழி தோண்டினார்கள். என் பையில் தொப்புள்கொடி கட்டுகிற நூல் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, படுத்தபடியே முறுக்கி, குழந்தையின் இடுப்பில் அவளே கட்டினாள். முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காயப்போடாம சாக்குலயே உட்டிருந்தா, செவுத்துக்கு ஆயிருக்குமுங்களா?"

"இல்லை கண்ணு. அது கடையிலயே கெட்டது."

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிளகு மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னது நான்தானே என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளை மறுபடி டோலியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோனோம்.